பிளக்குக்கு வைத்த பொட்டு

“இவ படிச்சி இன்னா பண்ணப் போறா? நின்னுபோன வண்டி, பாடம் ஒப்பிச்சா ஓடிடுமா?”

சித்தப்பா இதைச் சொன்னபோது அவர் கையில் அம்மா கொடுத்த டீ இருந்தது. எங்கள் வீட்டு வாசலில், அப்பாவின் வண்டிக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னார். வண்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அப்பாவும் அப்படியே. நான் உள்ளே பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லியில் என்னோடு ஒரே பெஞ்சில் ஐந்து பேராக நெருக்கி உட்கார்ந்து படித்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ டீ டம்ளரோடு நின்றிருப்பார். நம்மில் முக்கால்வாசிப் பேர், வீட்டில் முதல் ஆளாகப் பத்தாவது எழுதியவர்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அப்பாவின் அப்பா நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார்; எழுதி முடிக்கும்வரை மூச்சு விடமாட்டார். அம்மாவுக்கு பஸ்ஸின் நம்பர் தெரியும், அதற்குக் கீழே எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் தெரியாது. அந்த வீட்டில் நான் படித்தேன்.

அந்தப் படிப்பு நடுவில் அறுந்துபோகப் பார்த்த ஒரு மழைக்காலம் உண்டு. எப்படித் தப்பித்தது என்பதைப் போன வாரம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. அப்பா வாங்கும்போதே அதற்கு என் வயதைவிட அதிக வயது. டேங்கின் சிவப்பு, தொடை உரசும் இடத்தில் மட்டும் வெளுத்துத் தகரம் தெரியும். டூல் பாக்ஸின் மூடி எங்கேயோ விழுந்துவிட்டதால் சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டியிருப்பார். உள்ளே ஒரு பிளக் ஸ்பேனர், மடித்த உப்புத்தாள், கரிபடிந்த பனியன் துணி. காலையில் அவர் உதைத்துக் கிளப்பினால் ஆயில் கலந்த பெட்ரோல் புகை நேராக எங்கள் சமையல் மேடைக்கு வரும். “சாம்பாருக்குப் பெருங்காயமே வேணாம், உங்கப்பா வண்டி போதும்” என்பார் அம்மா. இன்றைக்கும் எங்கேயாவது சிக்னலில் அந்தப் புகை வாசனை வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

வண்டி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினின் தலையில் பிளக் உட்கார்ந்திருக்கும். அதன் கீழ்ப்பாதி இரும்பு, இன்ஜினுக்குள் போய்விடும். மேல்பாதி வெள்ளைப் பீங்கான், வெளியே நிற்கும். பீங்கானுக்கு மேல் கறுப்பாக ஒரு தொப்பி மாட்டியிருக்கும். அதுதான் பிளக் கேப். அந்தத் தொப்பி வழியாகத்தான் கரண்ட் பிளக்குக்குள் இறங்கி, கீழ்முனையில் பொறியாகத் தெறிக்கும். பொறி இல்லாவிட்டால் வண்டி இல்லை.

வண்டி இல்லாவிட்டால் எங்களுக்கு எதுவுமே இல்லை. நசரத்பேட்டை தாண்டி பெங்களூர் ரோட்டில், கார்களுக்கு ரப்பர் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் அப்பா காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தார். காலை ஆறரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் தாமதமானாலும் அன்றைக்கு வேலை கிடையாது. மூன்று முறை அப்படி ஆனால் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர், கேட்டுக்குள் விடும் கார்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். அந்த நேரத்துக்கு நூம்பலிலிருந்து பஸ்ஸை நம்பிப் புறப்பட முடியாது.

சித்தப்பாவிடம் இதற்கும் ஒரு யோசனை தயாராக இருந்தது. “கார்டு போச்சின்னா இன்னா இப்போ? இவள எங்க கம்பெனிக்குப் பக்கத்துல பேக்கிங்ல உட்டுடலாம். பதினெட்டுன்னு சொல்லிக்கலாம். ஒசரமாத்தான கீறா?”

என் உயரத்தை அவர் அளந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

எல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. அன்று காலை அப்பா ஒரு புது பிளக் வாங்கி வந்தார். பழையதில் கரி ஏறிப்போய் வண்டி திக்கிக்கொண்டிருந்தது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த பாய் கடையில்தான் எப்போதும் வாங்குவார். பூஜைத் தட்டில் ஸ்பேனர், அம்மாவின் அரிவாள்மனை, என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றோடும் அந்தப் பிளக்கும் ஏறி உட்கார்ந்தது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் கை படக்கூடாது. கேஸ் சிலிண்டர் மாற்றினால் சிலிண்டருக்குப் பொட்டு. குக்கருக்குப் பொட்டு. என் நோட்டுப் புத்தகத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள். “படிக்கிற புள்ள கை. நீயே வெய்டி” என்று அம்மா குங்குமக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு அதில் ஒரு கர்வம். வெள்ளைப் பீங்கான், நகை போடாத கழுத்து மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை இழுத்தேன். நடுவில் குங்குமம் வைத்தேன். அப்பா பொட்டு அழியாமல் இரும்புப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்ஜினில் திருகி, மேலே கேப்பை அழுத்தினார். பொட்டு தொப்பிக்குள் போய்விட்டது.

வெயில் அடித்தவரை வண்டி நன்றாக ஓடியது.

தீபாவளிக்கு முன்னால் முதல் பெருமழை வந்தது. அன்று நசரத்பேட்டை சிக்னலைத் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி வாரி இறைத்துவிட்டுப் போனது. வண்டி இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. அப்பா ஓரமாக ஒதுங்கிப் பிளக்கைக் கழற்றி, கீழ்முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பிளக் என்றாலே அவர்களுக்குக் கீழ்முனைதான். மேலே பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. மேலே என் பொட்டு இருந்ததால் அப்பா அங்கே விரல்கூடப் படவிடவில்லை. அதை அவரே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: “புள்ள வெச்ச பொட்டு அழியாம கழட்டனேன். அப்பவும் ஸ்டார்ட் ஆவல.”

முதல் தாமதம் அது. மழை விட்டு இன்ஜின் சூட்டில் காய்ந்த பிறகு, எட்டு மணிக்கு வண்டி தானாகக் கிளம்பியது. அதுதான் எங்கள் எல்லாரையும் குழப்பியது. நின்றதற்கும் காரணம் தெரியவில்லை, கிளம்பியதற்கும் தெரியவில்லை.

“பிளக்குதான் டொக்கு” என்று அப்பா முடிவு செய்தார். அந்தப் பிளக்கை வாய்க்காலில் வீசிவிட்டு, பாயிடம் வேறு ஒன்று வாங்கி வந்தார். அம்மா கிண்ணத்தோடு வந்தார். போன தடவை பொட்டு சின்னதாகப் போய்விட்டதோ என்று எனக்கே ஒரு பயம். இந்த முறை சந்தனத்தைப் பீங்கானைச் சுற்றி வளையமாகப் பூசினேன். குங்குமத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன்.

இரண்டாவது தாமதம் பத்து நாளில் வந்தது. அன்றும் மழை, அதே ரோடு, செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில். கேட் மூடிவிட்டது. சூப்பர்வைசர் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று இரண்டு விரலைக் காட்டினாராம். இரண்டு விரல் மட்டும். அப்பா அதை வீட்டில் அப்படியே செய்து காட்டினார்.

அன்று காலை பள்ளிக்குப் போக நான் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. அப்பாவின் வண்டிச் சத்தம் எனக்கு நூறு வண்டிக்கு நடுவிலும் தெரியும். திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்கவில்லை.

“ஏறு” என்றார்.

“ஸ்கூலுக்கு நேரமாச்சிப்பா.”

“ஏறுன்னு சொல்றேன்.”

பின்தெருவுக்குத் திருப்பினார். பாய் கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு ஷட்டர் அகலம்தான் கடை. நீல மர அலமாரியில் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதற்கு வெளியே அதே சாமான் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். கிரீஸ், டீ, ஊதுவத்தி மூன்றும் கலந்த வாசனை. பாய் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். என்னைப் பார்த்தால் எப்போதும் ஒரே கேள்விதான்: “இன்னா பாப்பா, எத்தினியாவது ரேங்க்கு?”

அன்று அவர் கேட்க ஆரம்பிப்பதற்குள் அப்பா வண்டியை ஸ்டாண்டு போடாமலே கத்தினார்.

“இன்னா பாய், ஆள் பாத்துதான் குடுப்பியா? நாங்கன்னா டூப்ளிகேட்டா?”

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “இன்னா அண்ணாத்தே, காலங்காத்தால? வண்டி ஓடிகினுதான வருது?”

“இப்ப ஓடுது. மழையில நின்னுது. ரெண்டாவது பிளக்கு. ரெண்டும் நீ குடுத்தது.”

“சரி, எறங்கு. கேப்ப கழட்டு, இன்னான்னு பாக்கலாம்.” பாய் கையைத் துடைத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் குந்தினார்.

அப்பா அவர் கையைத் தட்டிவிட்டார். “தொடாத! இன்னொண்ணு தலையில கட்டப் பாக்கறியா?”

கடை வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் ஆட்டோக்காரர், டீயை உறிஞ்சிக்கொண்டே, “பாய், பிளக்குக்கு பதிலா ஊதுவத்திய மடிச்சிக் குடுத்துட்டியா? மழையில அணைஞ்சிடுதாம்” என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்பாவுக்கு மேலும் ஏற்றிவிட்டது.

“சிரிக்காதீங்கபா. இவன் கடையில வாங்கி நாளைக்கு உங்க வண்டியும் நிக்கும். டூப்ளிகேட் சாமானு. அத்தினியும் டூப்ளிகேட்டு.”

நான் பின்சீட்டில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் எழுந்து நின்றதைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. அலமாரிக்குப் போய் ஒரு இழுப்பறையிலிருந்து புது பிளக்கும் இன்னொன்றிலிருந்து புது கேப்பும் எடுத்து வந்தார். அட்டைப் பெட்டியோடு அப்பாவின் சட்டைப் பையில் சொருகினார்.

“இந்தா. இருவது வருசம் இந்தத் தெருவுல கட வெச்சிகினு கீறேன். எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். எடுத்துகினு போ. இனிமே இந்தப் பக்கம் வராத.”

அப்பா அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அடுத்த மழைக்கு ஒரு விரல்தான் மிச்சம் இருந்தது.

இப்போது யோசித்தால் எனக்கு அந்த ஒரு நொடிதான் வந்து நிற்கிறது. அப்பா அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருந்திருந்தால், பாய் கேப்பைக் கழற்றியிருப்பார். ஒரு பார்வை போதும் அவருக்கு.

அன்று மாலை மறுபடி மழை பிடித்துக்கொண்டது; அப்போதுதான் சித்தப்பா டீ குடித்தபடி அதைச் சொன்னது. போகும்போது இன்னொன்றும் சொன்னார்: “ஊர்ல வேற கடையே இல்லியா? அங்கதான் போய் வாங்கணுமா?” அதில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அப்பா பதில் பேசவில்லை என்பதும் சேர்ந்து புரிகிறது.

பாய் கொடுத்த பிளக்குக்கும் பொட்டு வைத்தேன். அம்மா, “கேப்பும் புதுசுதான?” என்று நினைவூட்டியதால் கேப்பின் வாய் விளிம்பிலும் உள்ளேயும் சந்தனம் தடவினேன். கை கூப்பிக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை.

மூன்றாவது மழை ஒரு வியாழக்கிழமை.

முந்தின நாள் மாலையிலிருந்தே விடாமல் பெய்தது. வண்டிக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து, தண்ணீர் நேராக இன்ஜின் மேல் ஒழுகியிருக்கிறது. விடிகாலையில் அப்பா போய்ப் பார்த்தபோது வண்டி குளித்துவிட்டு நிற்பது போல நின்றது. எங்கள் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். அதில் ஐந்தே முக்கால்.

என் வேலை இன்ஜினுக்குக் குடை பிடிப்பது. அப்பா நனையலாம், இன்ஜின் நனையக்கூடாது. நான் குனிந்து நின்று பிடித்தேன். அப்பா உதைத்தார். இன்ஜின் ஒரு மூச்சு விட்டு அடங்கியது. திரும்ப உதைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் மழையைத் தாண்டி அவர் இழுக்கும் மூச்சுச் சத்தம் கேட்டது. பதினைந்து, இருபது உதை. செருப்பு வழுக்கி, முழங்காலுக்குக் கீழே கிக்கர் இடித்து ரத்தம் வந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. உள்ளே அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது.

குடைக்குக் கீழே, தார்ப்பாய்க்குக் கீழே, பாதி இருட்டு. அப்பா அடுத்து உதைத்தபோது அதைப் பார்த்தேன்.

கேப்பின் அடி விளிம்பிலிருந்து ஒரு நீலக் கோடு இறங்கியது. நூல் மாதிரி. நெளிந்து, சிவப்பாகக் கசிந்திருந்த குங்குமத்தின் மேலேயே ஓடி, கீழே இரும்பைத் தொட்டு மறைந்தது. சின்னதாக ஒரு ‘டிக்’. அப்பா மறுபடி உதைத்தார். மறுபடி நீலக் கோடு. மறுபடி என் பொட்டின் மேலேயே.

உள்ளே தெறிக்க வேண்டிய பொறி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நான் வைத்த ஈரச் சந்தனம் அதற்குப் பாதை போட்டுக் கொடுத்திருந்தது.

ஒரு புத்தகமும் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். மூன்று பிளக்கும் இப்படித்தான் நின்றன என்றால், அப்பாவின் இரண்டு தாமதமும் என் கையால் வந்தவை. பாய் கடையில் நடந்தது என் கையால் நடந்தது. என்னை பேக்கிங் கம்பெனிக்கு அனுப்பப் போவதும் இதே கைதான்.

“தெருமொனையில ஏதாவது ஆட்டோ கீதான்னு பாத்துகினு வரேன்” என்று அப்பா மழையில் ஓடினார். அந்த நேரத்துக்கு எந்த ஆட்டோவும் இருக்காது என்று அவருக்கும் தெரியும்.

குடையை எறிந்துவிட்டு கேப்பைப் பிடித்து இழுத்தேன். பிடி நழுவியது. பாவாடையைச் சுற்றிப் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது. உள்ளே பீங்கான் வெள்ளையாகவே இல்லை. சந்தனம் சூட்டில் வெந்து மஞ்சளும் கறுப்புமாகக் கட்டியிருந்தது. மேலிருந்து இரும்புவரை எறும்பு வரிசை மாதிரி ஒரு கரிக்கோடு. டூல் பாக்ஸிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். சாமியை அழிக்கிறோம் என்று தெரிந்தது. அழித்தேன். வெள்ளை தெரியும்வரை அழித்தேன். என் உள்பாவாடையின் காய்ந்த ஓரத்தைக் கிழித்து, முறுக்கி, கேப்புக்குள் விட்டுத் துடைத்தேன். மஞ்சளாக வந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. துணி காய்ந்தபடியே வரும்வரை. பீங்கானைத் துடைத்து, கேப்பை வைத்து அழுத்தினேன். கிழித்த துணியைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு குடையைத் தேடினேன். அது வாய்க்கால் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

அப்பா திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிக் கிக்கர் மேல் வைத்தார். அதில் நம்பிக்கை எதுவும் இல்லை. உதைத்தார்.

பிடித்துக்கொண்டது.

புகை தார்ப்பாய்க்குள் அடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மூடியது. அப்பா இருமிக்கொண்டே சிரித்தார், அழுதாரா என்றும் தெரியாது. கேப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பாத்தியாடி? உன் பொட்டுதாண்டி காப்பாத்துச்சி!”

அப்போது சொல்லியிருக்கலாம். கடிகாரத்தில் ஆறு அடித்தது. அப்பா போய்விட்டார்.

அன்று பள்ளியில் கணக்குத் தேர்வு. நான் எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன். கார்டு போனதா இருக்கிறதா என்று தெரியாமல் எட்டு மணி நேரம். மாலையில் வீடு திரும்பியபோது வாசலில் வண்டி நின்றது. அப்பா குளித்துவிட்டு, முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கார்டு. வாட்ச்மேன் கேட்டில் கை வைத்துவிட்டாராம். “இன்னும் அரை நிமிசம் ஆயிருந்தா நாம எல்லாம் நடுத்தெருவுல” என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, “இவ படிக்கட்டும். எவன் இன்னா சொன்னாலும் படிக்கட்டும். இவ கை ராசியான கை” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் பத்தாவது முடித்தேன், பன்னிரண்டு முடித்தேன், கல்லூரிக்குப் போனேன். சித்தப்பா அதன்பிறகு பேக்கிங் பேச்சை எடுக்கவில்லை. அதை நான் எப்படி உடைப்பேன்? என் ராசியான கைதான் மூன்று முறை வண்டியை நிறுத்தியது என்று எந்த வாயால் சொல்வேன்? அடுத்த பிளக் வந்தபோது பொட்டை டேங்கில் வைத்தேன். “அங்க ஏண்டி வெக்கல?” என்று அம்மா கேட்டார். “இன்ஜின் சூடும்மா, சாமிய அங்க உக்கார வெக்கக்கூடாது” என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. வண்டி அதன்பிறகு மழையில் நின்றதே இல்லை.

அப்பாவுக்கு அதற்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது. “நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டதும் ஒரிஜினல் எடுத்துக் குடுத்தான் பாரு.” வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டபோது நான் கல்லூரியில் இருந்தேன். பிளக் ஸ்பேனர் எங்கே போனதென்று தெரியவில்லை. பாய் கடை இருந்த வரிசையில் இப்போது வேறு கட்டடம். மெட்ரோ வேலையில் தெருவே முகம் மாறிவிட்டது.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு சாமான் பழுதானால், தப்பு எங்கே நடந்தது, யார் கையில் நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போன வாரம் ஒரு ஆபரேட்டர் என் மேஜைக்கு முன்னால் நின்றார். “மேடம், மிசினத் தொறந்து ஒரு தடவ பாத்துட்டு எழுதுங்க. என்ன உட்டுடுங்கன்னு கேக்கல” என்றார். என் பேனா நகரவில்லை. திறந்து பார்த்தேன். தப்பு அவர் மேல் இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டார். அம்மாதான் முதலில் பேசினார்: “சாமி பொட்டு மேல பழி போடாதடி.” அப்பா அவரைக் கையமர்த்தினார். பிறகு ஒன்று கேட்டார்.

“அப்போ அவன் குடுத்தது அத்தினியும் நல்ல பிளக்கா?”

“ஆமாப்பா. அத்தினியும்.”

எழுந்து போய்க் கையைக் கழுவினார். குழாயை மூட மறந்துவிட்டார்.

பாயை நான் விசாரித்துக் கண்டுபிடித்தேன். பழைய இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு டீக்கடையை ஒட்டி, அதே நீல அலமாரியில் பாதியோடு உட்கார்ந்திருக்கிறார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லவில்லை, டூ ஸ்ட்ரோக் வண்டி, பின்சீட்டு, பள்ளிக்கூடப் பை என்றேன். நிமிர்ந்து பார்த்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் ஒரு பிளக்கைக் கையில் எடுத்து, வெள்ளைப் பீங்கானைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

“சந்தனம். ம்… தண்ணி பட்டா அப்பிடித்தான் ஆவும். அன்னிக்கு ஒரு தடவ கழட்டிப் பாக்க உட்டிருந்தா?”

“தெரிஞ்சிருக்கும் பாய். என்ன மன்னிச்சிடுங்க.”

“நீ கொழந்த பாப்பா, உன் மேல இன்னா கீது?” பிளக்கைக் கீழே வைத்தார். “அன்னிக்கு நின்னானே அந்த ஆட்டோக்காரன், ஸ்டாண்டு பூரா சொல்லிட்டான். ‘டூப்ளிகேட் பாய்’. அந்தப் பேரு இன்னும் கீது. பசங்க எங்கிட்டயே வந்து, ‘டூப்ளிகேட் பாய் கட எது’ன்னு கேட்டிருக்கானுங்க. நீ வந்து எங்காதுல சொல்லி நான் இன்னா பண்றது? சொன்ன வாயி வரணும். எல்லாரும் கேக்கச் சொல்லணும். உங்க நைனாவால ஆவுமா?”

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“போறேன். போவாம இருக்க முடியுமா? ஆனா கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து போறேன். தனியா பேசிட்டு வந்துடறேன். இந்த வயசுல நாலு பேரு முன்னாடி வேணாம்மா.”

“தனியா முடியாதுப்பா” என்றேன். “பக்கத்து டீக்கடையிலயும் ஆட்டோ ஸ்டாண்டுலயும் சொல்லிட்டுதான் வந்தேன். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எங்கப்பா வராரு, எல்லாரும் இருங்கன்னு.”